சூத்திர அட்டைப் பெட்டி: முற்பாதிக்கு வாங்கலாம், பிற்பாதிக்குத் தீப்பெட்டி போதும்

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திப் பக்கமுள்ள ஒரு புத்தகக் கடையில், தரம் 11இல் படிக்கும் மகளுக்காக, இரசாயனச் சூத்திரம் எழுதவும் சமன்பாடு சமப்படுத்தவும் பழக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை 1,850 ரூபாய்க்கு வாங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. இதே வகைப் பெட்டிகள் வெவ்வேறு மேலுறைகளில் வருவதால் பெயரைக் குறிப்பிடாமல், உள்ளே இருந்தவற்றையும், அவை எங்கள் வீட்டு மேசையில் எவ்வளவு தூரம் உதவின என்பதையும் மட்டும் எழுதுகிறேன். சூத்திரங்களை வகுப்பில் வாயால் சொல்வது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

பெட்டிக்குள் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது 36 அயன்களுக்கான (மின்னேற்றம் பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம்) அட்டைகள், அயனுக்கு இரண்டு வீதம் மொத்தம் 72. இரண்டாவது, அணுக்களைக் குறிக்கும் நிறப் பிளாஸ்ரிக் வட்டுகளும், நடுவில் அம்புக்குறி போட்ட ஒரு பலகையும். எங்கள் பெட்டியில் சோடியம் அட்டை ஒன்று குறைந்திருந்தது. கடையில் சொன்னபோது, பெட்டியை உடைத்துவிட்டீர்கள், இனி மாற்ற முடியாது என்றார்கள். உடைக்காமல் எண்ணுவது எப்படி என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அட்டைகளின் அமைப்பை யோசித்தவர் வகுப்பறையில் நின்று பழகியவராகத்தான் இருக்க வேண்டும். நேரயன் (நேர் ஏற்றமுள்ள அயன்) அட்டையின் வலப்புறத்தில் அதன் வலுவளவு, அதாவது மற்றவற்றோடு சேரும் திறன், எத்தனையோ அத்தனை பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மறையயன் (மறை ஏற்றமுள்ள அயன்) அட்டையின் இடப்புறத்தில் அதே கணக்கில் பள்ளங்கள் இருக்கின்றன. பல் ஒவ்வொன்றும் ஒரு பள்ளத்தில் விழுந்து, இரு பக்கமும் மிச்சமின்றி மூடிக்கொண்டால் சூத்திரம் சரி. கல்சியத்துக்கு இரண்டு பற்கள், குளோரைட்டுக்கு ஒரு பள்ளம். ஆகவே ஒரு கல்சியத்துக்கு எதிரே இரண்டு குளோரைட்டு அட்டைகளை அடுக்கினால்தான் ஓரம் நேராகிறது. கீழே எழுதும் அந்தச் சிறிய இரண்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதன்பின் எழுவதில்லை, ஏனெனில் பிள்ளை அதைத் தன் விரலால் அடுக்கி வைத்திருக்கிறாள்.

இதன் உண்மையான பெறுமதி மகனீசியம் ஒட்சைட்டில் தெரிந்தது. எங்கள் காலத்திலும் இப்போதும் பெரும்பாலான வகுப்புகளில் வலுவளவுகளைக் குறுக்காக மாற்றி எழுதும் முறையைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மகனீசியத்துக்கு இரண்டு, ஒட்சிசனுக்கு இரண்டு, இரண்டையும் மாற்றிப் போட்டால் எம்ஜி₂ஓ₂ என்று வரும். அதைச் சுருக்க வேண்டும் என்று பிறகு ஒரு விதி, ஐதரசன் பரவொட்சைட்டை (எச்₂ஓ₂) மட்டும் சுருக்கக் கூடாது என்று அதற்கும் பிறகு ஒரு விலக்கு. 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில் நான் இதைப் படித்தபோது, கரும்பலகையில் இருந்ததைக் கொப்பியில் இறக்கியதைத் தவிர வேறொன்றும் விளங்கியதாக நினைவில்லை. அட்டையில் குறுக்கு மாற்றம் என்ற பேச்சே இல்லை. ஒரு மகனீசியத்தின் இரண்டு பற்களும் ஓர் ஒட்சைட்டின் இரண்டு பள்ளங்களில் இறங்கியவுடன் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாவது சோடியை எடுத்து வைக்கப் பிள்ளைக்குக் காரணமே கிடைப்பதில்லை.

பல அணுக்கள் சேர்ந்த பல்லணு அயன்களை ஒரே அட்டையாகவே அச்சிட்டிருப்பதும் நல்ல யோசனை. ஐதரொட்சைட்டு ஒரு தனி அட்டை. அதைச் சுற்றி மெல்லிய ஓர் அடைப்புக் கோடு இருக்கிறது. கல்சியம் ஐதரொட்சைட்டைச் சிஏஓஎச்₂ என்று எழுதுகிற பிள்ளை அதில் ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று என்றுதான் எண்ணும். சிஏ(ஓஎச்)₂ என்று எழுதினால்தான் இரண்டும் இரண்டாகும். இந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டுப் புள்ளி இழக்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அட்டையில் கோடு முன்கூட்டியே இருப்பதால், இரண்டு அட்டைகளை வைத்தவுடன் மகள் தானாகவே அடைப்புக்குறியை எழுதிவிட்டாள். யூரியாவின் சூத்திரத்தையும் இதே கண்ணோடு பார்க்கச் சொன்னேன்: சிஓ(என்எச்₂)₂. அது அயன் சேர்வை அல்ல. ஆனாலும் அடைப்புக்குறியின் கணக்கு அங்கேயும் அதுதான். நைதரசன் இரண்டு, ஐதரசன் நான்கு. மூலக்கூற்றுத் திணிவு 60, அதில் நைதரசன் 28. நூற்றுக்கு 46 என்று உரப்பையில் அச்சிட்டிருக்கும் எண் இங்கிருந்துதான் வருகிறது. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னபோது, 1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் வரவிடாத பொருள்களில் ஒன்று இதே யூரியா என்பதை நான் சொன்னேன். அவளுக்கு அது சூத்திரத்தை விடப் புதினமாக இருந்தது.

அட்டையின் பின்புறத்தில் குறியீட்டின் மூலப் பெயரைத் தந்திருப்பதையும் பாராட்ட வேண்டும். சோடியத்துக்கு ஏன் என்ஏ, பொற்றாசியத்துக்கு ஏன் கே, இரும்புக்கு ஏன் எப்ஈ என்ற கேள்விக்கு நேற்றியம், காலியம், பெர்ரம் என்ற இலத்தீன் பெயர்களே விடை. மூலகங்களுக்கு எழுத்துக் குறியீடுகளை 1813, 1814 அளவில் முன்வைத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்சீலியசு. அணு எண்ணிக்கையை அவர் மேலே எழுதினார், கீழே இறங்கியது பின்னர்தான். அட்டையில் இவ்வளவும் இல்லை, பெயர் மட்டுமே உண்டு. அதுவே போதும்.

குறைகளுக்கு வருகிறேன். அயனுக்கு இரண்டு அட்டைகள் என்று தீர்மானித்தவர் அலுமினியம் ஒட்சைட்டை ஒருமுறையாவது அடுக்கிப் பார்த்திருக்க மாட்டார். அலுமினியத்துக்கு மூன்று பற்கள். இரண்டு அலுமினியத்துக்கு ஆறு. ஒட்சைட்டுக்கு இரண்டு பள்ளங்கள். ஆறு வேண்டுமானால் மூன்று அட்டைகள் தேவை. பெட்டியில் இருப்பவை இரண்டு. அலுமினியம் குளோரைட்டுக்கு மூன்று குளோரைட்டு, அலுமினியம் சல்பேற்றுக்கு மூன்று சல்பேற்று, கல்சியம் பொசுபேற்றுக்கு மூன்று கல்சியம். இவற்றில் ஒன்றையும் இந்தப் பெட்டியால் அமைக்க முடியாது. பிள்ளைகள் தடுமாறுவது மூன்று வருகிற இந்தச் சேர்வைகளில்தான்; இலகுவானவற்றுக்கு அட்டையே தேவையில்லை. பழைய கொப்பி மட்டைகளை வெட்டி, பற்களை மூல அட்டையின் மேல் வைத்துக் கோடிட்டு, இருபது அட்டைகளை நாங்களே செய்துகொண்டோம். காணாமற்போன சோடியமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இரும்புக்கு மூன்று பற்களுள்ள அட்டை மட்டுமே தந்திருப்பது இதைவிடப் பெரிய பிழை. இரும்புக்கு வலுவளவு இரண்டும் உண்டு, மூன்றும் உண்டு. செப்புச் சல்பேற்றின் நீலக் கரைசலில் ஓர் ஆணியைப் போட்டால் நிறம் மங்கி, ஆணியில் செந்நிறமாகச் செப்புப் படிவதைப் பாடசாலையிலேயே செய்து காட்டுகிறார்கள். அங்கே உருவாகும் இரும்புச் சல்பேற்றில் இரும்பின் வலுவளவு இரண்டு. பெட்டியை நம்புகிற பிள்ளை அந்தச் சமன்பாட்டைத் தவறான சூத்திரத்தோடு தொடங்கி, பின்னர் அதைச் சமப்படுத்தப் படாத பாடு படும். சூத்திரம் பிழையாக இருந்தால் சமப்படுத்தல் எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டாலும் வீண்.

மொழி இன்னொரு சிக்கல். பெட்டி தமிழ்நாட்டில் அச்சானது. ஆகவே மூலகம் அங்கே தனிமம், சேர்வை சேர்மம், வலுவளவு இணைதிறன், அயன் அயனி, தாக்கம் வினை, நாகம் துத்தநாகம், ஒட்சிசன் ஆக்சிஜன் என்று இருக்கின்றன. எந்தச் சொல்லும் பிழையான சொல் அல்ல, ஆனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு எங்கள் பாடநூற் சொற்களில் எழுத வேண்டிய பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தையும் இரசாயனத்தையும் தமிழில் தர முனைந்த நாளிலிருந்து இந்தக் கலைச்சொல் வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓர் அட்டைப் பெட்டியிடம் அதற்குத் தீர்ப்புக் கேட்க முடியாது. நாகம் என்று மகள் சொல்ல, பக்கத்து வீட்டுச் சிறுவன் பாம்பு எங்கே என்று தேடியது மட்டும் மிச்சம். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் எங்கள் சொல்லைப் பென்சிலால் எழுதிக்கொண்டோம்.

இனி இரண்டாம் பகுதி. வெள்ளை வட்டு ஐதரசன், சிவப்பு ஒட்சிசன், கறுப்புக் காபன், நீலம் நைதரசன். சட்டைப் பொத்தான் அழுத்துவது போல ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பலகையின் இடப்புறம் தாக்கிகள், வலப்புறம் விளைவுகள். இரு பக்கமும் ஒவ்வொரு நிறத்திலும் சம எண்ணிக்கை வந்தால் சமன்பாடு சமப்பட்டது என்று அறிவுறுத்தற் தாள் சொல்கிறது. சொல்வது உண்மைதான், அணு தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. இலவோசியே 1789இல் எழுதியது போல, தாக்கத்துக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே. ஆனால் இந்த விளையாட்டு அந்த உண்மையின் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மறுபாதியைக் கைவிடுகிறது.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் உண்டாகும் சமன்பாட்டை மகள் எடுத்தாள். இடப்புறம் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. வலப்புறம் ஒரு நீர் மூலக்கூறு: இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. சிவப்பில் ஒன்று குறைகிறது. ஒரு நொடியும் யோசிக்காமல் இன்னொரு சிவப்பு வட்டை எடுத்து நீரின் மேல் அழுத்தினாள். "இப்ப ரெண்டு பக்கமும் சரி, அப்பா." எண்ணிக்கை உண்மையிலேயே சரிதான். பலகையில் இருந்தது மட்டும் நீரல்ல, எச்₂ஓ₂. புண் கழுவுகிற ஐதரசன் பரவொட்சைட்டு. "நீ தண்ணியைச் சமப்படுத்தேல்லைப் பிள்ளை, மாத்திப்போட்டாய்" என்றேன்.

சமப்படுத்தலில் மாணவர் விடுகிற மிகப் பெரிய தவறு இதுவே: முன்னால் எழுத வேண்டிய இலக்கத்துக்குப் பதிலாகக் கீழே உள்ள இலக்கத்தில் கைவைப்பது. கீழ் இலக்கம் பொருளின் அடையாளம்; முன் இலக்கம் அந்தப் பொருள் எத்தனை என்பது. கீழ் இலக்கத்தைத் தொட்டால் வேறு பொருள் வந்துவிடும், முன் இலக்கத்தை வேண்டிய மட்டும் மாற்றலாம். எந்த வட்டும் எந்த வட்டோடும் எப்போதும் பொருந்தும்படி செய்யப்பட்ட ஒரு கருவி, அந்தத் தவறைத் தடுக்காததோடு அதற்குப் பரிசும் கொடுக்கிறது. ஏனெனில் நிறங்கள் சமமானவுடன் பிள்ளை வென்றுவிட்டதாக நினைக்கிறாள். அறிவுறுத்தற் தாளே இதில் சறுக்கியிருக்கிறது. நாகத்தோடு ஐதரோக்குளோரிக்கமிலம் தாக்கமடையும் உதாரணத்தில், வெளியேறும் வாயுவை எச்₂ என்று எழுதாமல் 2எச் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எண்ணினால் இரண்டு, ஆனால் தனித்தனி ஐதரசன் அணுக்கள் குழாயிலிருந்து குமிழியாக வருவதில்லை. ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன் ஆகிய ஏழும் தனித்து நிற்கும்போது ஈரணு மூலக்கூறுகளாகவே எழுதப்படுகின்றன என்ற ஒரு வரி தாளில் எங்கும் இல்லை.

வட்டுகளை ஒதுக்கிவிட்டு நாங்கள் தீப்பெட்டிக்கு மாறினோம். வெறும் தீப்பெட்டி ஒன்று ஒரு மூலக்கூறு. உள்ளே வேண்டிய அணுக்களுக்குப் புளியங்கொட்டையும் சோளமும் பயறும் போட்டு, மேலே சூத்திரத்தை எழுதி, ஒட்டுத்தாளால் மூடிவிடுவது. மூடிய பெட்டியைத் திறக்கக் கூடாது. எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கூட்டலாம். இப்போது நீரில் ஒட்சிசன் குறைந்தால் அவளால் செய்யக்கூடியது ஒன்றுதான்: இன்னொரு நீர்ப் பெட்டியை வைப்பது. வைத்ததும் வலப்புறம் ஐதரசன் நான்காகிறது. இடப்புறம் இன்னோர் ஐதரசன் பெட்டி வேண்டும். இரண்டு, ஒன்று, இரண்டு. முன் இலக்கம் என்பது பெட்டிகளின் எண்ணிக்கை என்பதை அதன்பின் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

சமையல் வாயுவில் இருப்பவை புரொப்பேனும் பியூற்றேனும் என்பதால் அவற்றின் தகனத்தையும் செய்து பார்த்தோம். புரொப்பேனுக்கு ஐந்து ஒட்சிசன் மூலக்கூறுகள். விளைவாக மூன்று காபனீரொட்சைட்டும் நான்கு நீரும். இரு பக்கமும் பத்துப் பத்தாக இருபது ஒட்சிசன் அணுக்கள். விற்ற பெட்டியில் சிவப்பு வட்டுகளும் சரியாக இருபது. அதற்கு மேல் எவரும் போகமாட்டார்கள் என்று நினைத்தார்கள் போலும். பியூற்றேனில் காபன் நான்கு, ஐதரசன் பத்து. ஒரு மூலக்கூற்றுக்கு ஒட்சிசன் ஆறரை மூலக்கூறுகள் தேவைப்படுகின்றன. அரை மூலக்கூற்றை எப்படி மூடுவது என்று மகள் ஒரு தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். பிறகு தானாகவே எல்லாவற்றையும் இரட்டித்தாள். இரண்டு பியூற்றேனுக்குப் பதின்மூன்று ஒட்சிசன், எட்டுக் காபனீரொட்சைட்டு, பத்து நீர். மொத்தம் 33 தீப்பெட்டிகள், 52 புளியங்கொட்டைகள் ஒட்சிசனுக்கு மட்டும். ஒட்சிசனைக் கடைசியில் சமப்படுத்த வேண்டும் என்று வகுப்பில் சொல்வதன் காரணமும் அப்போது தெரிந்தது: காபன் விளைவில் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது, ஐதரசனும் அப்படியே; ஒட்சிசன்தான் இரண்டிலும் பரந்து கிடக்கிறது.

விற்ற பெட்டியில் இன்னொரு குறை, எந்த அட்டையிலும் சாரணுத்திணிவு (அணுவின் ஒப்பீட்டுத் திணிவு எண்) இல்லை. சமப்படுத்திய சமன்பாட்டினால் என்ன பயன் என்பது திணிவு சேர்ந்தால்தான் விளங்கும். இதை எங்கள் ஊருக்குப் பொருந்தவே சொல்லலாம். 1950களில் தொடங்கப்பட்டு, போர் மூண்ட 1980களில் நின்றுபோன பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில், உப்புக் கரைசலை மின்பகுத்து (மின்சாரம் செலுத்திப் பிரித்து) எரிசோடா எனப்படும் சோடியம் ஐதரொட்சைட்டும் குளோரீனும் எடுத்தார்கள். உப்புக்கு ஆனையிறவு பக்கத்திலேயே இருந்தது. இரண்டு சோடியம் குளோரைட்டும் இரண்டு நீரும் தாக்கமடைந்து இரண்டு சோடியம் ஐதரொட்சைட்டும் ஒரு குளோரீனும் ஒரு ஐதரசனும் தருகின்றன. திணிவில் சொன்னால் 117 கிலோ உப்பும் 36 கிலோ நீரும் சேர்ந்து 153. வெளியே வருவன 80 கிலோ எரிசோடா, 71 கிலோ குளோரீன், 2 கிலோ ஐதரசன், அதுவும் 153. எரிசோடா மட்டும் போதும், குளோரீன் வேண்டாம் என்று எந்த முகாமையாளரும் சொல்ல முடியாது. சமன்பாடு அதற்கு இடம் தராது. ரியூசனுக்குப் போகும் வழியில் அந்தத் தொழிற்சாலையின் பக்கமாகவே பஸ்ஸில் போய்வருகிற பிள்ளை, அதற்குள் ஒருகாலத்தில் நடந்த கணக்கைத் தீப்பெட்டியில் அடுக்கியது எனக்குத் திருப்தியாக இருந்தது. சோடியம், குளோரீன், ஒட்சிசன், ஐதரசன் ஆகியவற்றுக்குரிய 23, 35.5, 16, 1 என்ற எண்களை அட்டைகளில் நாங்களே எழுதிவிட்டோம்.

எல்லாம் முதல் முயற்சியிலேயே சிக்கலாகும் என்று பயப்படவும் தேவையில்லை. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு, கல்சியம் ஐதரசன் காபனேற்று கொதித்துக் கல்சியம் காபனேற்றாகவும் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிவதால் வருவது. அந்தச் சமன்பாடு எழுதியவுடனேயே சமப்பட்டு நிற்கிறது. அதைக் கொடுத்தபோது மகள் ஐந்து நிமிடம் பிழை தேடினாள்.

அட்டையின் தரம் சுமார். மாரி தொடங்கியதும் ஓரங்கள் ஈரலித்து, பற்கள் பள்ளத்தில் இறுகத் தொடங்கின. பிளாஸ்ரிக் உறை போட்டுத் தந்திருந்தால் இந்த விலைக்கு நியாயமாக இருந்திருக்கும். வட்டுகள் உறுதியானவை, இப்போது பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் தாயக்காய்களாக இருக்கின்றன.

தரம் 10, 11 பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அட்டைப் பகுதிக்காக மட்டும் இதை வாங்கலாம் என்பேன்; இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஆளுக்கொரு பெட்டி வாங்கினால் மூன்றாவது ஒட்சைட்டுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். உயர்தரத்துக்கு இது போதாது. ஒட்சியேற்ற எண் பற்றி ஒரு சொல்லும் இதில் இல்லை. கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னரே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, 72 அட்டைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.